இருவராய்ப் பயிலும் உடற்பயிற்சி



"வட்டுக்கோட்டைக்குப் போகும் வழி எது?" என்று ஒருவன் கேட்க, "துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு" என்று மற்றொருவன் விடை பகர்ந்த கதையை யாழ்ப்பாணத்திலே சிறு பிள்ளையும் அறியும். இருவர் இணைந்து செய்யும் உடற்பயிற்சியைப் பற்றி இன்று பேசப் புகுந்த நான், அப்பேச்சை வட்டுக்கோட்டையிலிருந்து தொடங்குவேனாயின், நேயர்களுட் சிலர் அப்பழமொழியை நினைந்து நகைக்கக்கூடும். ஆயினும் இங்கே கேள்விக்கும் விடைக்கும் தொடர்பு உண்டு. வட்டுக்கோட்டை என்றவுடன் கல்வியாளர்க்கு 1823 ஆம் ஆண்டிலே தானியேல் பூவர் தலைமையில் தோன்றிய செமினரி நினைவுக்கு வரும். அரசியல் அறிந்தோர்க்கு 1976 ஆம் ஆண்டின் தீர்மானம் நினைவுக்கு வரும். விளையாட்டுத் திடலோடு அவ்வூருக்குள்ள உறவை நினைப்பவர் மிகச் சிலரே.

இக்காலத்தில் உலகின் பெருநகரங்களிலே கடும் உடற்பயிற்சிப் போட்டிகள் பல நடைபெறுகின்றன. 2017 ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரிலே தொடக்கம் பெற்ற ஹைறொக்ஸ் என்னும் போட்டியை எடுத்துக்கொள்வோம். எட்டு முறை ஒவ்வொரு கிலோமீற்றர் ஓட வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்தின் பின்பும் பாரந் தள்ளுதல், கயிற்றால் பாரம் இழுத்தல், மணல் மூட்டை சுமந்து நடத்தல் போன்ற ஒரு கடும் வேலையைச் செய்து முடிக்க வேண்டும். இதிலே இருவர் சேர்ந்து பங்குபற்றும் பிரிவும் ஒன்று உண்டு. ஓட்டம் முழுவதையும் இருவரும் பக்கத்திற் பக்கமாக ஓடுவர். இடையில் வரும் வேலைகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்கு வந்தால் இதைப்பற்றிப் பெருமையோடு பேசுவர். கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டனார்க்கு, இது ஏதோ மேனாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை என்று தோன்றும். அவர் தம் சிறுபராயத்தைச் சற்றே நினைத்துப் பார்த்தல் நன்று.

தமிழ்ச் சிறுவர் கட்சி பிரிந்து விளையாடத் தொடங்குமுன் செய்யும் ஒரு வழக்கம் உண்டு. தமிழகத்திலே அதனை உத்தி பிரித்தல் என்பர். இரு தலைவர்கள் ஒருபுறம் நிற்பர். ஏனைய சிறுவருள் உயரத்திலும் வலிமையிலும் ஏறக்குறைய ஒத்த இருவர் தோளிற் கைபோட்டுக்கொண்டு அப்பாற் சென்று, தமக்குள் இரகசியமாக இரண்டு பெயர்களைச் சூட்டிக்கொள்வர். ஒருவன் சூரியன், மற்றவன் சந்திரன் என்று வைத்துக்கொள்வோம். பின்பு வந்து, "சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா?" என்று தலைவரைக் கேட்பர். தலைவன் கேட்ட பெயருக்குரியவன் அவன் பக்கம் செல்வான். மற்றவன் எதிர்க்கட்சி சேர்வான். ஒத்த வலிமையுள்ள இருவர் ஒரே கட்சியில் சேர்ந்துவிடாமல் காக்கும் நீதி இது. இன்னாருக்கு இன்னார் இணை என்பதை ஆசிரியர் எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பிள்ளைகள் தாமே அளந்து தெரிந்துகொள்கின்றனர். நாற்பது பிள்ளைகளை இருவர் இருவராக நிறுத்த அரைமணி நேரம் அலமரும் ஆசிரியர்களைக் காணும்போது, அச்சிறுவரை அழைத்து அவர்களிடம் பாடம் கேட்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

யாழ்ப்பாணத்துக் கிளித்தட்டு ஆட்டத்திலும் இவ்விணைவு உண்டு. நிலத்திலே நீண்ட சதுரமொன்று கீறி, அதனைத் தட்டுகளாகப் பிரிப்பர். கிளி எனப்படுபவன் நடுக்கோட்டில் ஓடித் திரிவான். அவன் கட்சியார் குறுக்குக் கோடுகளைக் காப்பர். மற்றக் கட்சியார் அவர்கள் கைபடாமல் எல்லாத் தட்டுகளையும் கடந்து சென்று மீள வேண்டும். தனியே நின்று தப்ப முயல்பவன் பெரும்பாலும் அகப்பட்டுவிடுவான். ஒருவன் கோடு காப்பவனை ஒரு பக்கம் இழுத்துச் செல்ல, மற்றவன் மறுபக்கத்தால் பாய்வான். அரைமணி நேரம் இவ்வாறு ஆடி முடித்தவனுக்கு மூச்சு வாங்கும் விதத்தைப் பார்த்தால், கடும்பயிற்சி என்பது நமக்குப் புதியதன்று என்பது விளங்கும்.

இனி, மேனாட்டு முறை நம்மிடம் வந்த வழியைப் பார்ப்போம். செமினரி 1855 இல் மூடப்பட்டபின், 1872 ஆம் ஆண்டு அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. அங்கே பணிபுரிந்த பிராங்க் சாண்டர்ஸ் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1884 ஆம் ஆண்டு மாணவர்க்கென வாலிபர் கிறிஸ்தவ சங்கம் ஒன்றை அமைத்தார். ஆசியாவிலே மாணவரிடையே தோன்றிய அத்தகைய சங்கங்களுள் இதுவே முதலாவது என்று அவ்வியக்கத்தின் வரலாறு கூறும். இச்சங்கம் உடற்பயிற்சிக்காகத் தோன்றியதன்று. சமயப் பணியே அதன் நோக்கம். ஆனால் 1844 இல் இலண்டனிலே ஜோர்ஜ் வில்லியம்ஸ் தொடக்கிய அவ்வியக்கம், அமெரிக்கா சென்றபின் உடலையும் உள்ளத்தையும் ஆன்மாவையும் ஒன்றாக வளர்க்க வேண்டும் என்னும் கொள்கையை மேற்கொண்டது. 1891 இல் ஸ்பிறிங்பீல்டில் ஜேம்ஸ் நெய்சிமித் கூடைப்பந்தாட்டத்தை அமைத்ததும், 1895 இல் வில்லியம் மோர்கன் கரப்பந்தாட்டத்தை அமைத்ததும் அக்கொள்கையின் விளைவே. 1916 இல் கொழும்பு வை. எம். சி. ஏ. யின் உடற்கல்விப் பணிப்பாளராயிருந்த வோல்ற்றர் கமக் கரப்பந்தாட்டத்தை இலங்கைக்குக் கொணர்ந்தார். அது 1991 இல் இலங்கையின் தேசிய விளையாட்டாயிற்று. 1920 இல் ஹரி குறோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையிலே உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றும் நிலையத்தைத் தொடக்கினார்; பின்னாளிற் சைதாப்பேட்டைக் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுவே. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே சென்று பயின்று மீண்டனர்.

அவர்கள் கொண்டுவந்த பயிற்சியில் இருவர் சேர்ந்து செய்வன பல இருந்தமைக்குக் காரணம், சுவீடன் நாட்டுப் பேர் ஹென்றிக் லிங் என்பவர். 1813 ஆம் ஆண்டு ஸ்ரொக்கோமிலே உடற்பயிற்சிக்கென அரச நிலையம் நிறுவியவர் இவர். அக்காலத்தில் ஜெர்மனியிலே யான் என்பவர் கட்டைகளையும் சட்டங்களையும் கயிறுகளையும் நாட்டித் திறந்தவெளிப் பயிற்சிக்கூடம் அமைத்து இளைஞரைத் திரட்டிக்கொண்டிருந்தார். லிங்கோ, கருவியிலும் பார்க்க மனிதனே சிறந்த தாங்கி என்று கருதினார். மரச்சட்டம் ஒருவன் எவ்வளவு தளர்ந்தான் என்பதை அறியாது, மனிதன் அறிவான். தளர்ந்தால் பிடியை இளக்குவான், தேறினால் இறுக்குவான். பணம் இல்லாத பாடசாலைக்கு இதிலும் உகந்த முறை வேறில்லை. லிங் முறை இங்கிலாந்து சென்று, அந்நாட்டுக் கல்விச்சபையின் பாடத்திட்டங்களிற் புகுந்தது; அவற்றுள் 1933 ஆம் ஆண்டுத் திட்டம் குடியேற்ற நாடுகளின் பாடசாலைகளுக்கும் பரவிற்று. முதுகோடு முதுகு பொருத்தி எழுந்திருத்தல், ஒருவன் கால்களை மற்றவன் பிடிக்கக் கைகளால் நடத்தல், கைகோத்து இழுத்தல் போன்றவை இன்றும் நம் பாடசாலைகளில் நடப்பவை. மூன்றுகால் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இங்கே நான் சற்று நின்று ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கைகோத்தல் என்பது சுவீடனில் எளிய செயல். யாழ்ப்பாணத்தில் அது எளிய செயலாக இருக்கவில்லை.

ஒருவன் மற்றவன் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். முதுகோடு முதுகு உரச வேண்டும். ஒருவன் வியர்வை மற்றவன்மீது பட வேண்டும். ஒரே வாங்கில் அமர்வதற்கே இடம் கொடாத ஒரு சமுதாயத்தில் இது நடப்பதெங்ஙனம்? 1930 ஆம் ஆண்டை ஒட்டி, அரசின் நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சமஆசனம் கொடுத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டபோது குடாநாட்டில் எழுந்த எதிர்ப்பு பெரிது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. அதுவரையில் சில பிள்ளைகள் வாங்கிலே அமர, சில பிள்ளைகள் நிலத்திலும் வெளித் திண்ணையிலும் இருந்து பாடங்கேட்டனர். அந்த ஒழுங்கைக் கண்டித்தவர்களும் அக்காலத்திலேயே இருந்தனர். 1924 இல் கீரிமலையிலே முதல் மாநாட்டைக் கூட்டிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசு, பின்பு வாலிபர் காங்கிரசாகி, தீண்டாமைக்கு எதிராகக் குரல் கொடுத்தது. அதனை முன்னின்று நடத்திய ஹன்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரியின் ஆசிரியர். 1927 நவம்பரில் அவ்வியக்கத்தின் அழைப்பை ஏற்று மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். இத்தனைக்கும் பின்பு, 1968 இல் மாவிட்டபுரம் கோவில் வாயிலிலே நடந்தவற்றை நாம் மறந்துவிடுவதற்கில்லை.

வகுப்பறையில் சமஆசனம் என்பது இருவரை அருகருகே இருத்துவது. அதிலும் இடையே ஒரு சாண் இடம் விட்டு ஒதுங்கி இருக்க முடியும். திடலில் அவ்வாறு ஒதுங்க முடியாது. மூன்றுகால் ஓட்டத்தில் இருவர் கால்களையும் ஒரே துணியாற் கட்டிவிட்டபின், ஒருவன் விழுந்தால் மற்றவனும் விழுவான். ஆகையால் திடல் சாதியை ஒழித்துவிட்டது என்று சொல்வோர் உளர். அவ்வாறு கூறுதல் மிகையாகும் என்பதே என் எண்ணம். திடலிற் கைகோத்த இருவர் கிணற்றடியிலும் கலியாணப் பந்தலிலும் பிரிந்தே நின்றதை நம் தலைமுறையினர் நேரிற் கண்டவர். ஆனால் திடல் ஒரு சான்றைத் தந்தது. "இவனைத் தொட்டேன், எனக்கு ஒன்றும் நேரவில்லை" என்று ஒரு பிள்ளை தன் உடலால் அறிந்துகொள்வது, நூறு பிரசங்கத்தால் அறிவதிலும் ஆழமாகப் பதியும். இணை பிரிக்கும்போது ஆசிரியர் எவரை எவரோடு நிறுத்துகிறார் என்பது, ஆகவே, அன்றும் சிறிய காரியமன்று. இன்றும் சிறிய காரியமன்று.

எவரை எவரோடு நிறுத்துவது என்பதற்கு வேறொரு வகையான விடையும் உண்டு. அதைத் தேடியவர்கள் ஆராய்ச்சியாளர்கள்.

1898 இல் அமெரிக்கரான நோர்மன் திரிப்பிளற், தனியே சைக்கிள் ஓடுவோரிலும் பார்க்கத் துணையோடும் போட்டியாகவும் ஓடுவோர் விரைவாக ஓடுவதைப் பந்தயப் பதிவுகளிற் கண்டார். அதனைச் சிறுவரிடம் சோதித்தும் பார்த்தார். அப்படியாயின் ஆள் கூடக் கூட வேகமும் வலிமையும் கூடும் என்று எண்ணத் தோன்றும். பிரெஞ்சு நாட்டு விவசாயப் பொறியியலாளர் மக்ஸ் ரிங்கல்மான் கண்டது நேர்மாறு. 1880 களில் அவர் ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து விசையை அளந்தார். முடிவுகளை 1913 இல் வெளியிட்டார். தனியாள் ஒருவர் இழுக்கும் விசை 100 என்று கொண்டால், இருவராகச் சேர்ந்தபோது ஆளுக்கு 93 பங்கே வந்தது, மூவரானபோது 85, எட்டுப் பேரானபோது ஆளுக்கு 49 தான். சித்திரை வருடப்பிறப்பிலே ஊர்க் கயிறிழுத்தலைப் பார்த்தவர்க்கு இதில் வியப்பு இராது. முன்னால் நிற்பவன் குதிகாலை மண்ணிற் புதைத்துக்கொண்டு இழுப்பான். நடுவில் நிற்பவர்களுள் எவர் இழுக்கிறார், எவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் சுளிக்கிறார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காமையும் குறைவுக்கு ஒரு காரணம். ஆனால் 1974 இல் நடந்த ஒரு சோதனையிலே கண்ணைக் கட்டிவிட்டு, பின்னால் வேறு பலர் இழுக்கிறார்கள் என்று நம்பச் செய்து, உண்மையில் ஒருவரைத் தனியே இழுக்க விட்டனர். அப்போதும் விசை குறைந்தது. "என்னை யார் கவனிக்கப் போகிறார்கள்?" என்னும் எண்ணமும் கயிற்றைத் தளர்த்துகிறது என்பது இதனாற் புலனாயிற்று.

இருவர் மட்டும் சேரும்போது நடப்பதென்ன? 1920 களில் பேர்லினிலே ஒற்றோ கேலர் என்னும் உளவியலாளர் படகுச் சங்கத்து இளைஞரைக் கொண்டு இதைச் சோதித்தார். ஒருவன் ஒரு பாரத்தைக் களைக்கும் வரையும் மீண்டும் மீண்டும் தூக்க வேண்டும். பின்பு இருவர் சேர்ந்து ஒரே தண்டினை, இருமடங்கு பாரத்தோடு, தூக்க வேண்டும். ஒருவன் விட்டால் மற்றவனாலும் தொடர முடியாது. ஆகவே மெலிந்தவன் எந்நேரம் விடுகிறானோ அந்நேரமே ஆட்டம் முடிந்துவிடும். அந்நிலையில் மெலிந்தவன், தான் தனியே தூக்கியதிலும் பார்க்கக் கூடுதலான நேரம் தாக்குப்பிடித்தான். ஆனால் எல்லா இணைகளிலும் இவ்வாறு நிகழவில்லை. இருவரும் ஒத்த வலிமையினராயிருந்தால் பயன் சிறிது. ஒருவன் மல்லனும் மற்றவன் நோஞ்சானுமாயிருந்தாலும் பயன் சிறிது. வேறுபாடு மிதமாயிருந்த இணைகளிலேதான் பயன் மிகுந்தது. எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் ஒருவன் முன்னே நிற்க வேண்டும். தன்னால் அவன் தோற்கிறான் என்பதும் தெரிய வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தே மெலிந்தவனைத் தூண்டுகின்றன என்பது பின்வந்தோர் கொடுத்த விளக்கம்.

உத்தி பிரிக்கும் சிறுவர் ஒத்த இருவரைப் பிரித்து எதிரெதிர்க் கட்சியில் விடுவதும், கேலர் சற்றே ஒவ்வாத இருவரை ஒரே தண்டிற் பிணைப்பதும் முரணானவை அல்ல. போட்டிக்கு ஒத்த வலிமை வேண்டும். பயிற்சிக்குச் சிறிது ஏற்றத்தாழ்வு வேண்டும். கெட்டிக்காரர் இருவரை ஒன்றாக நிறுத்திப் பரிசு வாங்க விரும்பும் பாடசாலைகள் பல. பரிசு கிடைக்கும், மற்ற முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வேலியோரம் நின்று கைதட்டுவர்.

கடும்பயிற்சியின் அளவும் காலத்தோடு மாறியது. 1953 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலே மோர்கன், அடம்சன் என்னும் இருவர் சுற்றுப்பயிற்சி முறையை வகுத்தனர். திடலைச் சுற்றிப் பல நிலைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. ஒன்றை முடித்து மற்றொன்றுக்கு ஓடுதல். இதனை இருவராகச் செய்வது எளிது: ஒருவர் செய்ய மற்றவர் எண்ணுவார், எண்ணுபவர்க்கு அது ஓய்வு. 1996 இல் ஜப்பானியரான இசுமி தபாத்தா வெளியிட்ட ஆய்வு, 20 வினாடி முழு வேகமும் 10 வினாடி ஓய்வுமாக ஏழெட்டு முறை செய்வதன் பயனை அளந்து காட்டியது. வெறும் நான்கு நிமிடம் என்று எண்ணி எவரும் ஏமாந்துவிடலாகாது. அது நன்கு பழகிய வீரர்க்கு அமைந்த அளவு. நம் நாட்டுப் பங்குனி, சித்திரை வெயிலிலே, பழகாத பிள்ளையை முதல் நாளே அவ்வாறு ஓடவிடுவது அறியாமை. காலை ஏழு மணிக்கு முன்பு, நிழலுக்கருகே, தண்ணீர்ச் செம்பை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்வதே முறை. இங்கேயும் இணையாளின் பயன் பெரிது. தலைசுற்றல் வந்த பிள்ளை தானாக வந்து சொல்லாது. பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்த்தே அறிந்து சொல்லிவிடுவான். எண்ணிக்கையிற் கள்ளம் செய்யும் பிள்ளையையும் அவனே அறிவான்; ஆனால் அதைச் சொல்லமாட்டான்!

தொடாமலே துணையாயிருக்கும் இணையும் ஒன்று உண்டு. 1954 இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து கோடிக்கரை வரை பாக்கு நீரிணையை ஏறக்குறைய 27 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். அவர்க்கு முன்பு அதைச் செய்தவர் இலர். 1971 இல் வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, மீண்டும் நீந்தியே திரும்பினார். 51 மணி நேரம் நீரிலேயே இருந்தார். 1984 இல் ஆங்கிலக் கால்வாயிலே அவர் உயிர் நீத்தது நம் மக்கள் நெஞ்சில் ஆறாத புண். இத்தகைய நீச்சலில் பக்கத்தே வள்ளம் வரும். வள்ளத்தில் இருப்போர் உணவு நீட்டலாம், நீரோட்டம் பார்த்துத் திசை சொல்லலாம், இரவு முழுவதும் பேச்சுக் கொடுக்கலாம், நீந்துபவரைத் தொடலாகாது. தொட்டால் நீச்சல் கணக்கில் இல்லை. பிடித்துத் தூக்கிவிடும் தூரத்தில் இருந்துகொண்டு, தூக்கிவிடாமல் இருப்பதற்கு எத்துணை உறுதி வேண்டும்! பெயர் நிலைப்பது நீந்தியவர்க்கே. வள்ளத்திலிருந்தவர் பெயரை எவரும் கேட்பதில்லை.

பெண்பிள்ளைகளின் வலைப்பந்தாட்டத்திலும் இவ்வகை இணை காணலாம். அவ்வாட்டத்தில் எழுவருள் இருவர்க்கு மட்டுமே பந்தை வளையத்துள் எறியும் உரிமை உண்டு. யாழ்ப்பாணத்திற் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரத்தை உலகம் வியந்து பேசிற்று. 2009 இலும் 2018 இலும் இலங்கை அணி ஆசியக் கிண்ணம் வென்றபோது அவர் அணியிலே இருந்தார். அவர் கைக்கு எட்டும் உயரத்தில், எதிரியின் கைக்கு எட்டாத உயரத்தில், அந்நொடியிலேயே பந்தை உயர்த்திவிடும் கையும் ஒன்று வேண்டியிருந்தது அல்லவா?

போர்க்காலத்தில் நம் திடல்கள் பட்ட பாட்டை விரித்துரைக்க நேரம் போதாது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே வெளியேறியபோது பாடசாலைகளும் வெறிச்சோடின. திரும்பி வந்தபின்பும் நெடுங்காலம் பிள்ளைகள் திடலின் ஓரத்துப் புல்லில் கால் வைக்க அஞ்சினர்; மண்ணுக்கடியில் என்ன கிடக்கும் என்று எவருக்கும் தெரியாது. இப்போது திடல் இருக்கிறது, பிள்ளைக்கு நேரமில்லை. பாடசாலை விட்டதும் ரியூசன்; ரியூசன் விட்டதும் இருள். தை, மாசியில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். அதற்கு முன் மூன்று வாரம் அவசர அவசரமாகப் பயிற்சி நடக்கும். பிறகு அடுத்த தை.

அந்த மூன்று வாரத்திலாயினும் ஒன்று செய்யலாம். நான் பணியாற்றும் பாடசாலையில் உடற்பயிற்சி அணிக்கு இணை பிரிக்கும்போது, முதல் வாரம் பிள்ளைகள் தாமே தோழரைத் தெரிந்துகொள்வர். நெருங்கிய நண்பர் ஒன்றாக நிற்பர். பயிற்சியிலும் பார்க்கப் பேச்சே அதிகம் நடக்கும். இரண்டாம் வாரம் ஓட்ட நேரத்தை அளந்து, சற்று விரைவானவரைச் சற்றுத் தாமதமானவரோடு நிறுத்துவோம். இரண்டொரு நாள் முணுமுணுப்பு எழும், பெற்றோர் ஓரிருவர் வந்து, "ஐயா, என்ர பிள்ளையை வேறொரு பிள்ளையோட விடேலாதோ?" என்று மெல்லக் கேட்பதும் உண்டு. காரணம் கேட்டால் சொல்லமாட்டார்கள். ஓட்ட நேரப் பட்டியலை எடுத்து அவர்கள் முன் வைப்போம். பட்டியலிலே பெயரும் வினாடியும் மட்டுமே இருக்கும். மூன்றாம் வாரத்தில் அப்பிள்ளைகள் இருவரும் கணுக்காலைத் தாமே கட்டிக்கொண்டு, எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்று தமக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருப்பர்.